ஆங்கில வினைக்கு வால் முளைத்த கதை: மூன்று மாத நோட்டு

எல்லாம் ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்தது. எழுதி முடித்த அறிக்கை ஒன்றை மூத்த சக ஊழியர் ஒருவருக்கு அனுப்பி, 'பிளீஸ் ஓவர்லுக் மை டிராஃப்ட்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் மனதில் இருந்தது. ஓவர் என்றால் மேல், லுக் என்றால் பார். நம்மிடம் மேற்பார்வை என்று ஒரு சொல்லே இருக்கிறதே! அவரிடமிருந்து பதில் வந்தது: "பார்க்க வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீங்க, எனக்கு ஒரு வேலை மிச்சம்."

'லுக் ஓவர்' என்றால் பார்வையிடு. அதே இரண்டு சொல்லைத் திருப்பிப் போட்டால் கண்டுகொள்ளாமல் விடு. 'டேக் ஓவர்' பொறுப்பை எடுத்துக்கொள்வது, 'ஓவர்டேக்' முந்துவது. 'செட் அப்' என்றால் ஏற்பாடு செய், 'அப்செட்' என்றால் கவிழ். அன்று இரவே ஒரு பழைய நோட்டை எடுத்து, ஆங்கில வினைச்சொற்களோடு ஒட்டி வரும் இந்தக் குட்டிச் சொற்களை எழுத ஆரம்பித்தேன். நான் வைத்த பெயர்: வால்கள்.

முதல் மாதம் முழுக்க வீண். அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே, அவுட் என்றால் வெளியே என்று பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதினேன். 'டிரிங்க் அப்' என்பதை அண்ணாந்து குடிப்பது என்று குறித்து வைத்திருக்கிறேன் பாருங்கள், இப்போது படித்தாலும் சிரிப்பு வருகிறது. குடித்து முடி என்பதுதான் அதன் பொருள். 'கிளீன் அப்', 'யூஸ் அப்' எதிலும் மேலே என்பதே இல்லை. கடைசியில் ஒரு வீடு தீப்பிடித்தால் 'பர்ன் டவுன்', ஒரு காகிதம் எரிந்து தீர்ந்தால் 'பர்ன் அப்' என்று படித்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

திரும்பத் திறக்க வைத்தவர் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வெளிவந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே நம் கஷ்டத்தை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதில் ஒரு ஆறுதல்.

இரண்டாம் மாதம் வேறு வழியில் போனேன். வாலின் பொருளைத் தனியாகத் தேடாமல், முழு வாக்கியத்தை எழுதி, அதைத் தமிழில் நான் எப்படிச் சொல்வேன் என்று பக்கத்தில் எழுதினேன். அகராதித் தமிழில் இல்லை, வாயில் வருகிற தமிழில். 'ஈட் அப்' சாப்பிட்டுவிடு. 'ரைட் டவுன்' எழுதிவை. 'திங்க் ஓவர்' யோசித்துப்பார். 'டிரை அவுட்' செய்துபார். 'சாட் அவே' பேசிக்கொண்டே இரு. ஏழெட்டு வரி எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது: வலது பக்கத்தில் எல்லா வரியும் விடு, வை, பார், கொண்டிரு என்றுதான் முடிகிறது. பள்ளியில் துணைவினை என்று படித்த அதே கூட்டம்!

யோசித்துப் பார்த்தால் நாமும் இதைத்தான் செய்கிறோம். 'செய்துபார்' என்பதில் கண்ணால் பார்க்கிற வேலை எதுவும் இல்லை. 'எழுதிவை' என்பதில் எதையும் எங்கேயும் வைப்பதில்லை. சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் வினை எப்படி நடந்தது என்று சொல்ல மட்டும் பார், வை, விடு எல்லாம் வந்து நிற்கின்றன. அதே வேலைக்கு ஆங்கிலம் மேலே, கீழே, வெளியே போன்ற திசைச் சொற்களை அமர்த்தியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது தற்செயலான ஒற்றுமையா என்று சோதிக்க ஒரு வேலை செய்தேன். 'ஈட் இட் அப்' என்பதோடு கால அளவைச் சேர்த்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் என்று 'இன்' போட்டால் பொருந்துகிறது. ஐந்து நிமிடமாக என்று 'ஃபார்' போட்டால் வாக்கியம் நொண்டுகிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள். 'தட்டில் இருந்ததை ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டான்' சரி. 'ஐந்து நிமிடமாகச் சாப்பிட்டுவிட்டான்' என்றால் காது ஒப்புவதில்லை. முடிந்துபோன வேலைக்கு 'ஆக' ஒட்டாது, இரண்டு மொழியிலும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 'விழுந்துவிட்டான்' என்பதில் ஐயோ பாவம் என்கிற தொனி இருக்கிறது. 'அப்' அதையெல்லாம் தாங்காது. 'அவே' இன்னொரு வம்பு. 'டைப் அவே' என்றால் தட்டிக்கொண்டே இருப்பது, ஆனால் நடுவே கடிதம் என்று ஒரு செயப்படுபொருளை நுழைக்க முடியாது. நாமோ 'கடிதத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்' என்று தாராளமாகச் சொல்வோம். 'கிவ் அப்' (கைவிடு), 'லெட் டவுன்' (ஏமாற்றிவிடு), 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்) மாதிரியானவை எந்தக் கணக்கிலும் அடங்காதவை. அவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி. நான் சிவப்பு மையில் எழுதி ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து இடம். 'பிக் அப் மீ' என்று எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! 'மீ', 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது வினைக்கும் வாலுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'பிக் மீ அப்'. பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பேச்சில் நாம் 'பிக்கப் பண்ணிக்கிறேன்', 'ஃபாலோ அப் பண்ணு', 'அது வொர்க்கவுட் ஆகாது' என்று சொல்லிச் சொல்லி, வினையும் வாலும் ஒரே கட்டியாக உறைந்துவிட்டன. கட்டியைப் பிளந்து நடுவில் ஒன்றைச் செருக நாக்கு மறுக்கிறது. இதற்கு நான் கண்ட மருந்து, தினமும் பத்து வாக்கியத்தை 'இட்' போட்டு வாய்விட்டுச் சொல்வது. 'டர்ன் இட் ஆஃப், ரைட் இட் டவுன், திங்க் இட் ஓவர்.' மந்திரம் ஓதுகிற மாதிரி இருக்கும். மூன்று வாரத்தில் பலன் தெரிந்தது.

ஆனால் எப்படி என்று சொல்லும் சாதாரண வினையடைக்கு இந்தச் சலுகை கிடையாது. அவள் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறாள் என்பதை 'ஸ்பீக்ஸ் ஃப்ளூயென்ட்லி இங்கிலீஷ்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் சரளமாக, பேசுகிறாள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, அதனால்தான். ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் 'ஃப்ளூயென்ட்லி'க்கு அனுமதி இல்லை. கடைசிக்குப் போ என்கிறது. 'குவிக்லி' மாதிரி சில, வினைக்கு முன்னால் வந்து நிற்கலாம்.

மூன்றாம் மாதம் ஜோடிப் பொருத்தம். எதற்கெடுத்தாலும் 'வெரி மச்' போடுவது என் வழக்கம், நம் 'ரொம்ப' மாதிரி. ஆங்கிலத்தில் மழை 'ஹெவிலி' பெய்யும், வருத்தம் 'டீப்லி', மறுப்பு 'ஃபிளாட்லி', ஞாபகம் 'விவிட்லி'. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நாமும் திருதிரு என்று விழிப்போம், திருதிரு என்று முறைப்பதில்லை. தேம்பித் தேம்பி அழுவோம், விழுந்து விழுந்து சிரிப்போம். சாலச் சிறந்தது உண்டு, சாலக் கெட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இப்படி ஒட்டிப் பிறந்த ஜோடிகளை ஆங்கிலம் கற்பவர்களுக்காகத் தொகுத்து, ஹெரால்ட் பால்மர் என்ற ஆங்கில மொழி ஆசிரியர் டோக்கியோவிலிருந்து 1933-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறார். நான் சந்தேகம் வந்தால் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில், அதாவது நிஜ எழுத்திலும் பேச்சிலும் வந்த 10 கோடி ஆங்கிலச் சொற்களின் தொகுப்பில், தேடிப் பார்க்கிறேன். என் சொந்தத் தயாரிப்பான 'ஸ்ட்ராங்லி ரிமெம்பர்' கிட்டத்தட்ட அனாதையாக நின்றதைப் பார்த்து அடித்துவிட்டேன்.

இடையில் ஒரு குறிப்பு. 'லி' என்னும் விகுதி, பழைய ஆங்கிலத்தில் உடல் என்று பொருள்படும் 'லீச்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். நம் 'ஆக' வந்தது ஆகு என்பதிலிருந்து. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' இரண்டுக்கும் 'லி' இல்லாததற்குக் காரணம், பழைய ஆங்கிலத்தில் வினையடை காட்டிய கடைசி 'எ' ஒலி தேய்ந்து உதிர்ந்ததுதான். ஆப்பிள் நிறுவனம் 1997-ல் 'திங்க் டிஃபரன்ட்' என்று விளம்பரம் செய்தபோது, 'லி' சேர்க்காதது இலக்கணப் பிழை என்று சிலர் சண்டைக்குப் போனார்கள். எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை.

இப்போது நோட்டில் 'ஆஃப்' பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கால் ஆஃப்' ரத்து செய், 'புட் ஆஃப்' தள்ளிப்போடு என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று இரண்டு வரி வந்து சேர்ந்தன. லைட் 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்துவிட்டது. அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.