டெஸ்க்டாப்பில் வைஃபை கார்டு: ஸ்லாட்டிலிருந்து ஆன்டெனா வரை

டெஸ்க்டாப்புக்கு வைஃபை வேண்டும் என்றதும் பலரும் வாங்குவது நகம் அளவு யுஎஸ்பி டாங்கிளைத்தான். சிபியுவின் பின்பக்கம், தரையோரமாக, இரும்புத் தகட்டுக்கு மறைவில் செருகிக் கிடக்கும் அதற்குள் ஆன்டெனாவாக இருப்பது சிறு செப்புக்கோடு ஒன்றுதான். மதர்போர்டில் கூடுதல் கார்டுகளைச் செருகும் இடமான பிசிஐஇ ஸ்லாட்டில் உட்காரும் கார்டு அப்படியல்ல. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆன்டெனா, இரண்டு தனித்தனி டேட்டா ஓடை, கூடவே புளூடூத். மாட்டுவது கால் மணி நேர வேலை. அதில் சறுக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இன்டெல் ஏஎக்ஸ்210 சிப் உள்ள கார்டை வைத்துச் சொல்கிறேன். ரியல்டெக், மீடியாடெக் சிப் உள்ளவற்றுக்கும் முறை இதுவே.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்க்காதீர்கள், சிப்பின் பெயரைப் பாருங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் எந்த மதர்போர்டிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்வைக்கு அச்சாக அதே மாதிரி இருக்கும். ஆனால் அவற்றின் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. அதற்கென்று மதர்போர்டில் அமைந்த எம்.2 என்ற சிறு ஸ்லாட்டில் மட்டுமே அவை உயிர்பெறும். பிசிஐஇ அடாப்டரில் பொருத்தினால் கம்ப்யூட்டர் அவற்றைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஒற்றை எண் வித்தியாசத்தில் பணம் வீணாகும் இடம் இது. வைஃபை 7 வகையான பிஇ200 ஏஎம்டி போர்டுகள் பலவற்றில் தெரிவதில்லை என்பதால், ஏஎம்டியின் ரைசன் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஏஎக்ஸ்210 போதும் என்பதே என் கருத்து.

பிராக்கெட் என்பது கார்டைக் கேபினட்டோடு சேர்த்து ஸ்க்ரூ போடும் தகடு. மெலிந்த கேபினட் என்றால் குட்டைப் பிராக்கெட் கூட வருகிறதா என்று பாருங்கள். முழு உயரப் பிராக்கெட் சுமார் 12 சென்டிமீட்டர், குட்டையானது சுமார் 8.

இனி ஸ்லாட். கார்டுக்கு வேண்டியது பிசிஐஇ எக்ஸ்1, அதாவது இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன ஸ்லாட். அது இல்லாவிட்டாலோ கிராஃபிக்ஸ் கார்டு அதை மூடிக்கொண்டாலோ நீளமான எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் போடலாம், மின்தொடர்பில் எந்தச் சிக்கலும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டின் விசிறியை உரசிக்கொண்டு நிற்கும் ஸ்லாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டுக்குமே காற்று போகாது. இன்னொன்று: சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஒரு எக்ஸ்1 ஸ்லாட் தானாக அணைந்துவிடும், இரண்டும் ஒரே டேட்டா பாதையைப் பங்கிட்டுக்கொள்வதால். எந்த ஸ்லாட் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். கார்டைக் குறை சொல்லுமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, முன்பக்கப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை அணைந்த கம்ப்யூட்டரிலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டை உறையிலிருந்து எடுங்கள். ஸ்லாட்டுக்கு நேரான பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டின் இரண்டு முனைகளையும் சமமாக அழுத்தினால் தங்கநிற விளிம்பு முழுதும் உள்ளே போய்விடும். ஸ்க்ரூவை முடுக்கும்போது மறுமுனை எழும்பாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கோணலான கேபினட்டில் ஸ்க்ரூ பிராக்கெட்டை இழுக்க, கார்டின் உள்முனை அரை மில்லிமீட்டர் எழும்பிவிடும். ஒரு நாள் தெரிந்து மறுநாள் காணாமல் போகும் கார்டுகளில் இதுவும் ஒரு காரணம்.

புளூடூத்துக்கு வருவோம். அதிகம் பேர் திணறுவது இங்கேதான். கார்டில் வைஃபை பகுதி பிசிஐஇ வழியாகப் பேசுகிறது, புளூடூத் பகுதி யுஎஸ்பி வழியாகப் பேசுகிறது. அதனால்தான் பெட்டிக்குள் ஒரு மெல்லிய கேபிள் வருகிறது. ஒரு முனை கார்டில், மறுமுனை மதர்போர்டில் எஃப்_யுஎஸ்பி அல்லது யுஎஸ்பி 2.0 என்று எழுதிய 9 பின் ஹெடரில், அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் பின்களின் வரிசையில். அதைச் செருகாமல் புளூடூத் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. பத்து இடங்களில் ஒன்றில் பின் இருக்காது. கேபிளின் தலையில் அடைத்த துளையை அதற்கு நேராக வைத்துச் செருகுங்கள். திருப்பிச் செருகினால் 5 வோல்ட் தவறான கம்பியில் ஏறி புளூடூத் பகுதி கெட்டுப்போகக்கூடும்.

போர்டில் ஒரே ஒரு ஹெடர் இருந்து, அதை முன்பக்க யுஎஸ்பி பிடித்துக்கொண்டிருந்தால்? கம்பியை மட்டும் இரண்டாகப் பிரிக்கும் மலிவான ஸ்ப்ளிட்டர் உதவாது. ஒரு ஹெடரில் இருப்பதே இரண்டு போர்ட், இரண்டையும் முன்பக்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. உள்ளே ஹப் சிப் வைத்த ஸ்ப்ளிட்டர் வேண்டும். பயன்படாத 19 பின் யுஎஸ்பி 3.0 ஹெடர் இருந்தால் அதை 9 பின்னாக மாற்றும் கேபிளும் கிடைக்கிறது.

ஆன்டெனாக்களைக் கையால் முடுக்கினால் போதும், கட்டிங் பிளேயர் எடுக்காதீர்கள். கார்டில் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ இணைப்பு, அதன் நடுவில் பின் இருக்கும், ஆன்டெனாவின் நடுவில் துளை இருக்கும். சாதாரண எஸ்எம்ஏ ஆன்டெனாவிலும் நடுவில் பின்தான். மரை பொருந்துகிறதே என்று அதைத் திருகினால் இரண்டு பின்னும் முட்டிக்கொண்டு கார்டின் பின் வளையும். இரண்டு ஆன்டெனாவையும் மாட்டாமல் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். ஒன்று மட்டும் இருந்தாலும் இணைப்பு கிடைக்கும், ஆனால் வேகம் பாதியாகக் குறைந்துவிடும், காரணமும் பிடிபடாது.

அடுத்து டிரைவர். ஏஎக்ஸ்210க்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும், 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 11 கட்டாயம். கார்டு மாட்டியதும் இன்டர்நெட் இல்லை, இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் இல்லை என்று சிக்கிக்கொள்பவர்களுக்கு எளிய வழி: ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். விண்டோஸ் அதை லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் டிரைவர் தனித்தனிக் கோப்பு, இரண்டையும் இறக்குங்கள்.

டிவைஸ் மேனேஜரில் கார்டே இல்லையென்றால் ஸ்லாட்டையும் அழுத்தத்தையும் சந்தேகியுங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோட் 10’ (Code 10) என்ற பிழைச்செய்தி வந்தால் பல நேரங்களில் டிரைவர்மேல் தவறில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஷட்டவுனை முழு ஷட்டவுனாகச் செய்வதில்லை, அதனால் கார்டு பழைய குழம்பிய நிலையிலேயே எழுந்துகொள்கிறது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்து, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். சரியானால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக அணைத்துவிடலாம். டிரைவர் ஒழுங்காக இருந்தும் வைஃபை சின்னமே வரவில்லையென்றால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் (WLAN AutoConfig) ஓடுகிறதா என்று பாருங்கள். வெட்டிச் சுருக்கிய விண்டோஸ் பதிப்புகளில் அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

லினக்ஸ் பயனர்களுக்கு வேலை இன்னும் குறைவு. ஏஎக்ஸ்210க்கான ஆதரவு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.10 பதிப்பு முதலே இருக்கிறது. கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் தொகுப்பும் புதிதாக இருக்க வேண்டும், கார்டு தெரிந்தும் எழாமல் இருப்பது பெரும்பாலும் அது பழையதாக இருப்பதால்தான். ரியல்டெக்குக்கு வெளியிலிருந்து டிரைவர் கட்டிப் போடுபவர்கள் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மறக்க வேண்டாம். அது இயங்கும்போது கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது.

இணைந்தபின் மாற்ற வேண்டியவை சில. டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரிஃபர்டு பேண்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4க்கான சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வைத்தால் பக்கத்து வீட்டோடு மோதல்தான். மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், டெஸ்க்டாப்புக்கு அது தேவையே இல்லை. ரவுட்டரில் பாதுகாப்பு முறை டிகேஐபி என்ற பழைய வகையாக இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, அதை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 ஆக மாற்ற வேண்டும்.

இனி மீதி எல்லாம் ஆன்டெனா நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கார்டின் முதுகில் நேரடியாக மாட்டிய ஆன்டெனாவுக்கு ஒரு பக்கம் இரும்புக் கேபினட், மறுபக்கம் சுவர். பின்பக்க யுஎஸ்பி 3.0 போர்ட்களும் பக்கத்திலேயே இருக்கும். அவற்றில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்புகிறது. ஒரு மீட்டர் கேபிளும் காந்த அடியும் கொண்ட ஆன்டெனா வரும் கார்டை வாங்கி, ஆன்டெனாவை மேசைமேல் ஏற்றுங்கள். பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பின்னால் வேண்டாம். ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைச் சாய்த்தும் வையுங்கள். குச்சி ஆன்டெனாவின் அலை பக்கவாட்டில்தான் பரவும், நுனியை ரவுட்டரை நோக்கிக் காட்டினால் மிகக் குறைவான சிக்னல் கிடைக்கும்.

கண்மட்டத்தில் முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) என்று கொடுத்தால் சிக்னல் சதவீதத்தில் வரும். அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் சிக்னல் வலிமையின் அலகான டிபிஎம்மில் அளவு கிடைக்கும்: 70 சதவீதம் என்றால் மைனஸ் 65. மைனஸ் 67க்கு மேலே இருந்தால் வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓடும், மைனஸ் 75க்குக் கீழே போனால் அறுந்து அறுந்து வரும். அதே திரையில் ரிசீவ் ரேட்டையும் பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 6 ரவுட்டரோடு அதிகபட்சம் 1201 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல். எண் சரிபாதியிலேயே, 600 பக்கம் நின்று நகராமல் இருந்தால் இரண்டாவது ஆன்டெனாவின் மரை தளர்ந்திருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்திவிட்டுக் கட்டளையை மறுபடி கொடுங்கள். நான்கைந்து இடங்களில் எடுத்த எண்களைக் குறித்துவைத்து, உயர்ந்தது எங்கே வந்ததோ அங்கேயே காந்த அடியை ஒட்டிவிடுங்கள்.