நிலத்தின் விலையும் நெடுஞ்சாலையின் பாதையும்

அரசு நிர்வாகத்துக்கு ஆட்களைப் பயிற்றும் அமெரிக்காவின் பொது விவகாரப் பள்ளிகள் இனச் சமத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பெரும்பாலும் அது ஒரு விருப்பப் பாடத்திலோ ஒரு கருத்தரங்கத் தொடரிலோ போய் முடிகிறது. இவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிதிநிலைத் திட்டம், புள்ளியியல், செலவு–பயன் பகுப்பாய்வு போன்ற கட்டாயப் பாடங்கள் தொடப்படாமலே இருந்தால், விருப்பப் பாடத்துக்கு ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் மட்டுமே வந்து சேர்வார்கள். நகரங்களை நிர்வகிக்கப் போகும் மற்றவர்கள் பழைய சூத்திரங்களோடு பட்டம் பெற்று வெளியேறுவார்கள்.

மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் பாலில் இருந்த ரோண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்புப் பகுதி, அந்தச் சூத்திரங்கள் என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று. 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களிடை நெடுஞ்சாலைச் செலவில் 90 விழுக்காட்டை கூட்டாட்சி அரசே ஏற்கும் என்றது. இரயில் பாதையை ஒட்டி வடக்கே சாலையைக் கொண்டுசெல்லலாம் என்று நகரின் திட்டப் பொறியாளர் ஜார்ஜ் ஹெரால்ட் வாதிட்டும் அது ஏற்கப்படவில்லை. ரோண்டோவின் நடுவே சாலை போடப்பட்டது, 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன.

இத்தகைய முடிவுகளை எடுத்தவர்கள் அனைவரும் இனவெறியர்களாக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பு வரைந்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாகக் குறிக்கப்பட்டன; அத்தகைய பகுதிகளில் கடன் கிடைப்பது அரிதாயிற்று, கடன் கிடைக்காத இடத்தில் வீட்டின் மதிப்பு வளரவில்லை. பின்னர் சாலைக்கு நிலம் தேடியவரின் தாளில் அந்த நிலம் "மலிவானது" என்று தெரிந்தது. இழப்பீடும் அதே மலிவு விலையில்தான் கணக்கிடப்பட்டது. வீடிழந்தவர்களுக்கு மறுகுடியமர்வு உதவியைச் சீராக உறுதிசெய்யும் கூட்டாட்சிச் சட்டமோ 1970இல்தான் வந்தது. முந்தைய அநீதி ஒன்று விலையாக உருமாறி, அடுத்த அநீதிக்குச் சான்றாக வந்து நிற்பதைக் கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தவரால் பார்க்கமுடியாது.

அந்தப் பார்வையைத் தரும் தரவுகள் பல்கலைக்கழகங்களிலேயே உருவாகின்றன. வீட்டுப் பத்திரங்களில் இருந்த இனத்தடை விதிகளை, அதாவது வெள்ளையர் அல்லாதாருக்கு வீட்டை விற்கக்கூடாது என்பது போன்ற விதிகளை, தன்னார்வலர்களைக் கொண்டு படித்து வரைபடமாக்கும் பணி 2016 முதல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்துவருகிறது. அதைப் புள்ளியியல் பாடத்தின் பயிற்சியாக வைப்பதற்குப் பெரிய தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பள்ளிகள் கற்பிக்கும் நிர்வாகவியல் துறையின் வேரிலும் சிக்கல் இருக்கிறது. நிர்வாகத்தைத் தனி அறிவுத்துறையாக்க வேண்டும் என்று 1887இல் கட்டுரை எழுதிய உட்ரோ வில்சன்தான், அதிபரானபின் 1913இல் கூட்டாட்சி அலுவலகங்களில் இனப்பிரிவினைக்கு இடமளித்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2020இல் தன் பொதுக் கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை நீக்கியது. பெயர்ப்பலகையைக் கழற்றுவது பாடத்திட்டத்தை மாற்றுவதைவிட எளிது என்றாலும், அதற்கே மாணவர் போராட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் ஆயின.

இதை இன்றைய மோகம் என்று ஒதுக்குவோருக்கு 1968ஐ நினைவூட்டலாம். அவ்வாண்டு நியூயார்க் மாநிலத்தின் மின்னோபுரூக்கில் இளம் நிர்வாகவியல் அறிஞர்கள் கூடினர்; அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஃபிரெடெரிக்சன், சிக்கனம், திறன் ஆகியவற்றோடு சமூகச் சமத்துவத்தையும் நிர்வாகத்தின் அளவுகோலாக்க வேண்டும் என்று பின்னர் தொடர்ந்து எழுதினார்.

இப்போது ரோண்டோவைப் பிளந்த அந்தச் சாலையின் மேல் நிலப்பாலம், அதாவது சாலையை மூடி மேலே நிலம்போல் பயன்படுத்தக்கூடிய அகன்ற தளம், அமைத்துப் பகுதியை மீண்டும் இணைக்கும் யோசனை பேசப்படுகிறது. அதன் பயனை நிலமதிப்பு உயர்வைக் கொண்டு மட்டும் அளந்தால் திட்டம் இலாபகரமாகத் தோன்றும். ஆனால் அந்த உயர்வே வாடகையை ஏற்றி, யாருக்காகப் பாலம் கட்டப்படுகிறதோ அவர்களையே வெளியேற்றக்கூடும். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைக் கட்டாயப் பாடத்தின் தேர்வில் கேள்வியாக வைக்கும் பள்ளியையே நான் நம்புவேன்.