குழல் மாற்றும்போது சுருதி இறங்குவது: மூன்று வார முயற்சி

கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது ஐந்து கட்டைக் குழலை வைத்துவிட்டு இரண்டு கட்டை நீளக்குழலை (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் குறைந்தால் சுருதியும் தாழ்வு) எடுத்தால் முதல் வரியே இறங்கி ஒலிக்கும், மூன்று வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். குழலில் குறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தனியாக அதையே வாசித்துக்கொண்டிருந்தால் அழகாகச் சேர்கிறது.

முதல் வாரம் சுருதியை அளக்கும் டியூனரை வைத்துக்கொண்டு அளந்து மட்டும் பார்த்தேன். பத்து நிமிஷம் மேஜையில் சும்மா கிடந்த நீளக்குழலை எடுத்து சட்ஜம் ('ஸ' ஸ்வரம்) பிடித்தால் 18 சென்ட் கீழே (கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு இடையே இருப்பது 100 சென்ட்). வாசிக்க வாசிக்க ஏறி, நாலாவது நிமிஷத்தில்தான் சரியாக நின்றது. மூங்கிலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, உள்ளே இருக்கும் காற்றுதான் காரணம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும், சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். ஆறு டிகிரி வித்தியாசம் என்றால் அந்த 18 வந்துவிடுகிறது. ஏசி அறையில் இது ரொம்பச் சாதாரணம்.

இரண்டாம் வாரம் உதட்டாலேயே சமாளிக்கப் பார்த்தேன். குழலை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, அழுத்தி ஊதினால் சட்ஜம் ஏறிவிடும், சரி. ஆனால் கை அந்தப் பிடியிலேயே நின்றுவிட்டது, குழல் சூடான பிறகும் விடவில்லை, சரணத்துக்கு வரும்போது மேலே போய்விட்டேன். பதிவைக் கேட்டபோது மனசே சரியில்லை.

இந்த வாரம்தான் வழி பிடிபட்டது. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழலைக் கையில் எடுத்து, விரல்துளைகளை எல்லாம் மூடி, ஊதும் துளையை உதட்டால் முழுக்கப் பொத்தி, சத்தமே வராமல் 'ஹா' என்று மெதுவாக ஏழெட்டு முறை ஊதுகிறேன், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அது மாதிரி. மைக்கை விட்டுக் கொஞ்சம் திரும்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு கேட்கும். அளந்தால் சட்ஜம் 4 சென்ட்தான் கீழே, அதை உதடு பார்த்துக்கொள்கிறது.

பஞ்சமம் ('ப' ஸ்வரம்) மட்டும் இன்னும் படியவில்லை. சட்ஜத்துக்கு இரண்டு துளைதான் மூடுகிறோம், வாய்ப்பக்கம் சீக்கிரம் சூடாகிவிடுகிறது. துளைகளை மூடிப் பிடிக்கும் பஞ்சமத்துக்குக் கடைசி வரை உள்ள காற்றும் சூடாக வேண்டும். அதனால் மாற்றிய உடனே பஞ்சமத்தில் நீட்டி நிற்காமல், முதல் இரண்டு வரிகளில் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.