இறால்குழியில் இப்போது பாதை இல்லை

திருகோணமலைக்கு வந்தால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாத்தீவு என்று ஒரு சுற்று இருக்கிறது. அதெல்லாம் பார்த்தாயிற்று. இந்தமுறை பஸ் நிலையத்தில் மூதூர் பஸ் ஏறினேன். யன்னல் ஓரம் கிடைத்ததே பெரிய விஷயம்.

முந்தின நாள் பின்னேரம் நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. புல்லைக்கூட ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட சீனக்குடாவை மறுநாள் பஸ் கடக்கும்போது அந்தக் கற்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

கிண்ணியாப் பாலம் வந்தது. 396 மீற்றர், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 2009க்கு முன் இங்கே பாதைதான். வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும்: கிழக்கில் 'பாதை' என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை. கிண்ணியாவைத் தாண்டினால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள். என் அம்மா மூதூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தா. கடல் கொந்தளித்து, மூதூருக்குப் போகும் லோஞ்ச் (மோட்டார்ப் படகு) ஓடாத நாட்களில் இந்த வழியால்தான் வேலைக்குப் போய் வருவா. சின்னவனாக நானும் இரண்டு தடவை கூடப் போய், "ஏன் இவ்வளவு மெதுவா இழுக்கிறாங்கள்?" என்று சிணுங்கி அடி வாங்கியிருக்கிறேன்.

இறால்குழிப் பாலத்தடியில் இறங்கினேன். தேநீர்க் கடை வாங்கில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முதியவரிடம், "நானா, பழைய பாதை எங்க நின்றது?" என்று கேட்டேன்.

"நீங்க நிக்கிற இடத்திலதான் மகன். நான் அதிலதான் வேலை செஞ்ச."

வலது கையை விரித்துக் காட்டினார். பெருவிரலடியில் ஒரு வெள்ளைத் தழும்பு. குறுக்கே கட்டிய இரும்பு வடத்தில், வெட்டு விட்ட மரக்கட்டையைக் கொளுவிக்கொண்டு முன்பக்கமிருந்து பின்பக்கம் நடக்க வேண்டும். நடக்க நடக்க மிதவை நகரும். வடம் பழசானால் அதன் கம்பி இழை அறுந்து கையில் ஏறும். மாரியில் மகாவலி பெருகி, கொட்டியாறுக் குடாவை நோக்கி இழுக்கும்போது நாலு பேர் சேர்ந்தாலும் அசையாதாம்.

சண்டைக் காலத்தில் பொழுதுபட்டால் பாதை நிற்கும். ஆனால் அக்கரையில் யாராவது டோர்ச் அடித்தால்? "பிள்ளத்தாச்சி எண்டா என்ன செய்யிற? முதல்ல ஆமிக்காரன்கிட்ட கையத் தூக்கிட்டுப் போய்ச் சொல்லணும். அப்புறம் இழுக்கணும். வெளிச்சம் போடப்படாது." அந்த இருட்டு வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு இருந்ததா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது.

2011இல் பாலம் திறந்தார்கள். நல்லதுதான், பாலம் வேண்டாமென்று அவரும் சொல்லவில்லை. முதல் நாள் பஸ்ஸிலேயே ஏறிக் கடந்து பார்த்தாராம். திறப்புக் கல்லை நானும் வாசித்தேன், அமைச்சர்மாரின் பெயர்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

"அம்மாவும் இதால வந்திருக்கா, ரீச்சர்" என்றேன். ஞாபகம் வைத்திருப்பார் என்று ஒரு நப்பாசை.

"எத்தினை ரீச்சர்மார் மகன், எத்தினை நேர்ஸ்மார்! முகத்தப் பாத்தா இழுக்கேலுமா? ஆத்தப் பாக்கணும்."

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. தேநீருக்குக் காசு கொடுக்கப் போனேன். கடைக்காரரைப் பார்த்து அவர் தலையசைத்தார், காசு வாங்கப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவருக்குப் பென்ஷன் ஒழுங்கா வருதாமா?"

கேட்கவில்லையே! திரும்பிப் பார்த்தேன். பாங்கு சொல்லிவிட்டது, வாங்கில் வெற்றிலைப் பை மட்டும் இருந்தது.