டாமி ஷானனோடு ஒரு ஷஃபிள்

அமெரிக்க ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவி ரே வானைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கிடாரை மட்டும்தான் கேட்பார்கள். அதில் தப்பில்லை, அந்த மனிதர் வாசித்த கிடார் அப்படி. ஆனால் கையில் ஒரு பேஸ் கிடாரை வைத்துக்கொண்டு 'டெக்சஸ் ஃப்ளட்' ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள், அவர் குழுவில் பேஸ் வாசித்த டாமி ஷானன் என்ற ஆள் காதில் விழ ஆரம்பிப்பார். இப்போதைக்கு என் பயிற்சி முழுக்க அவரோடுதான்.

முதல் வேலை சுருதி. வானின் 'டபுள் டிரபிள்' குழு எல்லாத் தந்திகளையும் அரை சுரம் இறக்கி வாசித்தவர்கள். ஈ தந்தி ஈ-ஃப்ளாட் ஆகும், மற்றவையும் அதே அளவு இறங்கும். என் பேஸில் இறக்கியதுமே தடித்த தந்தி, கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்களில் முதல் சிலவற்றில் 'கிர்ர்' என்று உரசியது. இழுவிசை குறைந்தால் பேஸின் கழுத்து நிமிர்ந்து லேசாகப் பின்னால் வளையும், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இடம் குறையும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் மறுபடி சுருதி சேர்த்தேன். உரசல் போய்விட்டது. தந்தி கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதும் பழகிவிட்டது, சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஷஃபிள் என்ற ப்ளூஸ் தாள நடை. எடுத்துக்கொண்ட பாட்டு 'பிரைட் அண்ட் ஜாய்'. திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது பாதி கற்ற பாடம். 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே நடுவில் வரும் 'கி'யை விழுங்கிவிட்டால் வருவதுதான் ஷஃபிள். சுரங்களிலும் பெரிய மர்மம் இல்லை: ஸ, அந்தர காந்தாரம், ப, சதுஸ்ருதி தைவதம் என்று ஏறி இறங்கினாலே பேஸ் நடக்க ஆரம்பித்துவிடும். கஷ்டம் அதை முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே கனத்தில் நடத்துவதில்தான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஒவ்வொரு அடிக்கும் வைக்காமல் 2, 4 அடிகளில் மட்டும் வைத்துப் பழகுகிறேன். 1, 3 அடிகளுக்கு நாமே பொறுப்பு என்பதால் தூங்கி வழிய முடியாது.

'டெக்சஸ் ஃப்ளட்' காலத்தில் இது மூன்று பேர் குழு: கிடார், பேஸ், கிறிஸ் லேட்டனின் டிரம்ஸ். வான் சோலோவுக்குள் போய்விட்டால் பின்னால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்க இன்னொரு கிடார் கிடையாது. அந்த நேரத்தில் பாட்டு எந்தக் கார்டில் இருக்கிறது என்று சொல்ல மிச்சம் இருப்பது பேஸ் மட்டுமே. சோலோ சூடு பிடிக்கும்போது யாருக்கும் கை துருதுருக்கும், நாமும் நாலு சுரம் கூடப் போடலாமே என்று. ஷானனைக் கவனித்தால், கிடார் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கு இவர் அழுத்தமாக இருக்கும் இடத்திலேயே இருப்பார்.

இந்த நிதானத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை நிதானமானதல்ல. 1946-இல் அரிசோனாவின் டூசானில் பிறந்து டெக்சஸில் வளர்ந்தவர். முதலில் கிடார்தான் வாசித்தார், பேஸ் பிறகு வந்தது. ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஜானி வின்டர் குழுவில் சேர்ந்து 1969-இல் உட்ஸ்டாக் இசை விழா மேடை ஏறியபோது வயது 23. அடுத்த வருடமே வின்டர் வேறு ஆட்களோடு புதுக் குழு அமைத்துவிட்டார். எழுபதுகளைப் போதைப் பழக்கம் தின்றுவிட்டது. வயிற்றுப்பாட்டுக்குச் செங்கல் அடுக்கும் வேலை பார்த்தார். வான் சிறுவனாக இருந்த காலத்திலேயே ஷானனுக்கு அவரைத் தெரியும். 1980-இல் ஹூஸ்டனில் வானின் குழு வாசிப்பதைக் கேட்டுவிட்டு, தன் இடம் இதுதான் என்று நேரே போய்ச் சொன்னார். 1981 ஜனவரியில் சேர்த்துக்கொண்டார்கள். 1982 நவம்பரில், பாடகர் ஜாக்சன் பிரவுன் இலவசமாகக் கொடுத்த லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில், மூன்றே நாளில் 'டெக்சஸ் ஃப்ளட்' பதிவானது. சும்மா ஒரு டெமோவாக ஆரம்பித்த பதிவு என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

1986-இல் வானும் இவரும் ஒரே சமயத்தில் போதை மறுவாழ்வு சிகிச்சைக்குப் போனார்கள். 1989-இல் வந்த 'இன் ஸ்டெப்' ஆல்பத்தில் இருக்கிறது 'கிராஸ்ஃபயர்'. பில்போர்டின் மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அதை எழுதியவர்கள் பட்டியலில் ஷானன், லேட்டன், பிறகு குழுவில் சேர்ந்த கீபோர்டு வாசிப்பவர் ரீஸ் வைனன்ஸ், இன்னும் இருவர் உண்டு, வானின் பெயர் இல்லை! பாட்டைத் தூக்கி நிறுத்துவது பேஸ் திரும்பத் திரும்பப் போடும் சின்ன வரி, அதாவது ரிஃப். இத்தனை வருஷம் பின்னால் நின்றவர் இதில் முன்னால் வருகிறார், அப்போதும் அலட்டிக்கொள்ளாமல்.

1990 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் வான் இறந்தார். ஷானன் அதன் பிறகும் லேட்டனோடு ஆர்க் ஏஞ்சல்ஸ், ஸ்டோரிவில் என்ற குழுக்களில் வாசித்தார். 2015-இல் டபுள் டிரபிள் முழுவதும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது.

என் நிலவரம்: 'பிரைட் அண்ட் ஜாய்' மெதுவான வேகத்தில் முழுசாக வருகிறது, அசல் வேகத்தில் பாதியிலேயே வலது முன்கை இறுகுகிறது. விரல்களை ஆழமாக இழுக்காமல், ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிவிட்டு மெல்லத் தட்டினால் அதிக நேரம் தாங்குகிறது. 'கிராஸ்ஃபயர்' ரிஃப்பை நான்கு நான்கு அடியாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது சேர்ந்ததும் 'டெக்சஸ் ஃப்ளட்' பாட்டு, அந்த மெதுவான 12/8 தாளம்.