திங்கட்கிழமை கவுண்டருக்கு வரும் செய்தி

கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருப்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் சத்து மாத்திரையைப் பற்றி என்ன வந்தது என்பது திங்கட்கிழமை காலையில் கவுண்டருக்கு வந்துவிடும். "எலும்புக்கு நல்லதாமே, ஒரு டப்பா குடுங்க" என்பார் ஒருவர். "அதுல புற்றுநோய் வருதாம்ல தம்பி, மிச்சம் இருக்கிற அட்டையத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் படித்தது ஒரே பக்கமாகக்கூட இருக்கும்.

இத்தனை வருடத்தில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. சத்து மாத்திரை நல்லது என்று செய்தி வந்தால், வாங்க வருகிறவர் பெரும்பாலும் அது தேவைப்படாதவர். கெட்டது என்று வந்தால், முதலில் நிறுத்துகிறவர் பெரும்பாலும் அது தேவைப்படுகிறவர். செய்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு, எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அதில் விட்டுப்போகிறது. எங்கள் தொழிலில் மிச்சமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பின்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 29,133 ஆண்கள் அதில் இருந்தார்கள், எல்லோரும் புகைப்பிடிப்பவர்கள். நுரையீரல் புற்றுநோய் குறையுமா என்று பார்ப்பதற்காக ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், அதாவது கேரட்டில் இருக்கும் சத்து, மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, குறைவதற்குப் பதில் 18 சதவீதம் கூடியிருந்தது. மருத்துவ உலகத்தையே திடுக்கிட வைத்த முடிவு அது. ஆனால் இன்றைக்கும் எங்காவது அது மறுபடி அச்சாகும்போது, 'புகைப்பிடிப்பவர்கள்' என்பது கடைசிப் பத்திக்குப் போய்விடுகிறது, இல்லையென்றால் காணாமலே போய்விடுகிறது. பேரனுக்கு கேரட் கொடுக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் ஒரு பெரியவர் கேட்டதற்குக் காரணம் அதுதான். 2013 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று விட்டமின் மாத்திரைகளில் காசைப் போடாதீர்கள் என்று தலையங்கம் எழுதியது. நல்ல ஊட்டத்தோடு இருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான் அது பேசியது. இங்கே வந்து சேர்ந்தபோது 'விட்டமின் மாத்திரை வீண்' என்று மட்டும் ஆகிவிட்டது.

வலங்கைமான், நாச்சியார்கோவில், திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் எத்தனை பேர் 'நல்ல ஊட்டத்தோடு' இருக்கிறார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. குறுவையோ சம்பாவோ, நடவு என்றால் நாள் முழுக்கச் சேற்றில் நிற்க வேண்டும். மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறும், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மாதவிலக்கும் பிரசவமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பாடு சோறும் ரசமும். அவர்களுக்கு அந்த மலிவான இரும்புச்சத்து மாத்திரை வீண் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஆனால் அந்த மாத்திரைக்குத்தான் கெட்ட பெயர். சாப்பிட்டால் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கல். பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கிறார்களே நீல மாத்திரை, அதில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் வாந்தி எடுத்தால் 'மாத்திரை சாப்பிட்ட மாணவிகள் மயக்கம்' என்று டிவியில் ஓடும். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது ஓடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் ஊட்டியில் மாணவிகள் போட்டி போட்டுக்கொண்டு அந்த மாத்திரைகளை அள்ளிச் சாப்பிட்டதில் ஒரு சிறுமி இறந்துபோனாள். அந்தச் செய்தி வரத்தான் வேண்டும். இரும்பு அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று நான் தினமும் சொல்வதும் அதனால்தான். ஆனால் அந்த வாரம் கடைக்கு வந்த தாய்மார்கள் கேட்டது அதைப் பற்றி இல்லை. "எங்க பாப்பாவுக்கு இஸ்கூல்ல குடுக்கிறத துப்பிடச் சொல்லிட்டேன்" என்றார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு, "ரத்தம் ஊற டானிக் இருந்தா குடுங்கண்ணே" என்று வந்து நின்றாள். சிவப்பு மாத்திரை 180 நாள் போட வேண்டியது, இலவசமாகக் கிடைப்பது. அதை விட்டுவிட்டு, அதே சத்து அதைவிடக் குறைவாக இருக்கும் பாட்டிலை இருநூறு ரூபாய்க்கு ஏன் வாங்க வேண்டும்? கொடுக்காமல் அனுப்பினேன்.

இந்த ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. டிகிரி காபியோடு மாத்திரையை விழுங்குவார்கள். காபி, டீ இரண்டுமே இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். கால்சியம் மாத்திரையையும் கூடவே போட்டால் அதுவும் தடுக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரும்பு, மத்தியானம் கால்சியம், காபிக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். இரண்டு நெல்லிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. இதைச் சொல்லும் செய்தியை எந்தச் சேனலிலும் நான் பார்த்ததில்லை. பரபரப்பு இல்லையே.

நல்ல செய்தி செய்யும் வேலையைப் பார்க்க வேண்டுமானால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். விட்டமின் சியும் துத்தநாகமும் கொரோனாவைத் தடுக்கும் என்று எல்லாத் திரையிலும் பேசினார்கள். ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கே இல்லை. பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் காரில் வந்தவர்கள். 2021 பிப்ரவரியில், நோய் வந்து வீட்டிலிருந்த 214 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வு வெளியானது. அதிக அளவு சியோ துத்தநாகமோ கொடுத்தும் அறிகுறிகள் சீக்கிரம் குறையவில்லை. அதைப் படித்துவிட்டு என் கடைக்கு ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும், வீட்டில் அடுக்கிய அட்டைகள் அதற்குள் எக்ஸ்பைரி ஆகியிருக்கும்.

அப்புறம் சிங்கப்பூர் டப்பாக்கள். டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால், லீவில் வரும்போது தைலத்தோடு மீன் எண்ணெய் மாத்திரையும் வரும். நாகப்பட்டினத்து மத்தி வாரம் இரண்டு தடவை குழம்பாகிற வீட்டிலும் அதைத் தவறாமல் விழுங்குவார்கள். 25,871 பேரிடம் நடந்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மீன் எண்ணெயோ விட்டமின் டியோ புற்றுநோயையும் முக்கிய இதய நோய்களையும் மொத்தமாகப் பார்த்தால் குறைக்கவில்லை. சொன்னால் மச்சான் மேல் மரியாதைக் குறைவாகிவிடும். கெடுதல் இல்லையென்றால் நானும் விட்டுவிடுவேன்.

பணம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலைக்கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குக் கடைக்காரர் லாபம் 16 சதவீதம் என்று கணக்குப் போட்டுத்தான் உச்ச விலை வைக்கிறார்கள். உணவு உரிமத்தில் வரும் சத்து டப்பாவுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று 2016 விதிமுறைப்படி லேபிளில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. அதனால்தான் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, ரெப், வந்ததும் எங்கள் முதலாளியிடம் முதலில் பேசுவது டப்பாவைப் பற்றி. விளம்பரமும் அந்த டப்பாவுக்குத்தான் வரும். ஃபோலிக் அமிலத்துக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? கரு உண்டாகி நாலு வாரத்துக்குள், பெண்ணுக்கே தெரிவதற்கு முன்னால், குழந்தையின் தண்டுவடம் மூடிவிடும்; அதற்கு முன்பே இந்த மாத்திரை வயிற்றில் இருக்க வேண்டும். முன்பு ஒரு கர்ப்பத்தில் குழந்தைக்குத் தண்டுவடம் சரியாக மூடாத குறை இருந்த தாய்மார்களிடம் நடந்த 1991 ஆய்வில், மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. ஒரு சத்து மாத்திரைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சென்ற மாதம் ஒரு நிருபர் தம்பி கடைக்கு வந்தார். "சத்து மாத்திரை நல்லதாண்ணே, கெட்டதாண்ணே? ஒரு வரியில சொல்லுங்க" என்றார். ஒரு வரியில் முடியாது என்று உட்கார வைத்தேன். விட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்றாகப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க நேரும் என்று சொன்னேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், கால் மதமதப்பை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னேன். குறித்துக்கொண்டார். செய்தி வந்தது, டி இருந்தது, மெட்ஃபார்மின் இல்லை. போன் பண்ணிக் கேட்டேன். இடமில்லையாம். இந்த ஊரில் பாதித் தெரு சாப்பிடுகிற மாத்திரை தம்பி அது என்றேன். அடுத்த வாரம் தனியாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.