மெயிலில் போய்ச் சேர்ந்த மேற்கோள் குறி

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் 'நந' என்று தட்டினால் 'நன்றி, வணக்கம்' என்று விரிகிற மாதிரி ஒரு சுருக்கம் எழுதி வைத்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் புரியட்டுமே என்று அதே வரியின் கடைசியில் இரட்டை மேற்கோள் போட்டு 'மெயில் முடிக்க' என்று குறிப்பும் சேர்த்தேன். அடுத்து அனுப்பிய மெயில் 'நன்றி, வணக்கம் " மெயில் முடிக்க' என்று முடிந்திருந்தது.

விம்முக்குக் கட்டளை எழுதும் மொழியான விம் ஸ்கிரிப்ட்டில், விம் கண்டுகொள்ளாமல் விடவேண்டிய குறிப்பு இரட்டை மேற்கோளில்தான் தொடங்கும், சரி. ஆனால் சுருக்கம், மேப் (ஒரு கீக்கு வேறு வேலை கொடுப்பது) போன்ற கட்டளைகள் வரியில் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் தமக்கே எடுத்துக்கொள்ளும். திரையில் எழுதிக் காட்டும் எக்கோ கட்டளை இன்னொரு ரகம்: மேற்கோளைப் பார்த்ததும் ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர், தொடங்குகிறது என்று நினைத்து, மூடும் மேற்கோள் எங்கே என்று எர்ரர் காட்டும். ஒரு குறிக்கு என்ன அர்த்தம் என்பதை அந்தந்தக் கட்டளைதான் முடிவு செய்கிறது. மேற்கோளைக் குறிப்புக்கு வைத்தது விம்முக்கும் மூத்த எக்ஸ் எடிட்டர். ஸ்கிரிப்ட் எழுதும் வசதி 1998-இல் விம் 5-உடன் வந்து அதே வீட்டில் குடியேறியது, இடநெருக்கடி அப்போது ஆரம்பித்ததுதான்.

கோலன் (:) என்னை இன்னும் மோசமாக ஏமாற்றியது. தொடக்கத்துக்கு எஸ், முடிவுக்கு இ என்று ஓரெழுத்துப் பெயர் வைத்து, லிஸ்ட்டில் ஒரு துண்டை வெட்ட சதுர அடைப்புக்குள் எஸ், கோலன், இ என்று ஒட்டி [s:e] எழுதினேன். எஸ்ஸும் கோலனும் சேர்ந்தால் 'இந்த ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் சொந்தமான வேரியபிள்' என்று விம் எடுத்துக்கொள்ளும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நம்மிடமே சண்டைக்கு வரும். கோலனுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டால் தீர்ந்தது. ஹெல்ப் பக்கத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது, நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்த பிறகுதான் படித்தேன்.

புள்ளியின் கதை தனி. அது ஸ்ட்ரிங்குகளை ஒட்டும், பெயர் வைத்து மதிப்புகளைச் சேமிக்கும் டிக்ஷனரிக்குள் கை விட்டு எடுக்கும், தசமப் புள்ளியாகவும் நிற்கும். 2008-இல் விம் 7.2 வருவதற்கு முன் 123.456 என்று எழுதினால் இரண்டு எண்களையும் ஒட்டி 123456 என்று கொடுத்திருக்கிறது!

2022-இல் வந்த விம் 9-இன் புது ஸ்கிரிப்ட்டில் குறிப்புக்கு ஹாஷ் (#), ஒட்டுவதற்கு அடுத்தடுத்து இரண்டு புள்ளி (..) என்று பிரித்துவிட்டார்கள். இந்தச் சுருக்கமெல்லாம் இருக்கும் என் கன்ஃபிக் ஃபைல் இன்னும் பழைய மொழியில்தான் இருக்கிறது. 'மெயில் முடிக்க' குறிப்பை மட்டும் ஒரு வரி மேலே ஏற்றிவிட்டேன்.